அறுபத்தாறு பாகையும் உம்முடைய கொப்பியும்

சென்ற கிழமை பாரிஸில் ரூ பஜோல் தெரு வழியாக வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். கோயிலைத் தாண்டி இரண்டு திருப்பம் தள்ளிப் புதிதாக ஒரு பியர்க் கடை திறந்திருக்கிறார்கள். பின்னறையில் அவர்களே காய்ச்சுகிறார்களாம். வாசலில் நின்ற குப்பைத் தொட்டியிலிருந்து ஆவி பறந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே வெந்த பார்லிச் சக்கை. பாலில் கரைக்கிற மோல்ட் மாவின் மணமும் நனைந்த வைக்கோலின் மணமும் கலந்து மூக்கில் ஏறியது. எனக்குக் கால் நின்றுவிட்டது. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? பின்னால் யாராவது நின்று என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

நீர் போய் ஏழு மாதமாகிறது. இன்னமும் உம்முடைய நினைவு வந்தால் எனக்குக் கண் கலங்குவதற்கு முன் கழுத்துத்தான் திரும்புகிறது. சந்தேகப் பிராணி என்று என்னை வீட்டில் சொல்வார்கள். பிழையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பலில் உம்மைப் பற்றி ஒரு கதை உலாவியது. நீர் இலங்கை அரசாங்கத்துக்கு ஆட்களைக் குறித்துக் கொடுக்கிறவர் என்று. அந்தக் கதை என் வாயிலிருந்து புறப்பட்டது. அதை உம்முடைய முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு முழுப் பின்னேரம் கிடைத்தது. சொல்லவில்லை. நீர் வாசிக்க மாட்டீர் என்று தெரிந்த பிறகுதான் எழுத வருகிறது. என்னுடைய துணிச்சல் இவ்வளவுதான்.

2010 மாசியில் பரா அண்ணை உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு என் பேரில் இருந்தது. இரண்டு அறையில் நானும் பரா அண்ணையும் மட்டும். நீர் கதவடியில் ஒரு பையோடு நின்றீர். பரா அண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார்.

"பாவமடாப்பா, வன்னியிலை இருந்து வந்தவர். ஒரு மூலையிலை படுக்கட்டும்."

"ஆமி அடைச்ச முகாமிலை இருந்து எப்பிடி வெளியிலை வந்தவராம்?"

"அதை நான் கேக்கேல்லை."

"கேட்டிருக்கோணும் அண்ணை."

அந்த நாட்களில் வன்னியிலிருந்து வந்த எவரைப் பற்றியும் நாங்கள் இதைத்தான் கேட்டோம். சாப்பிட்டீரா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டோம். எனக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஊரில், முகத்தை மூடிக்கொண்டு இருந்த ஒருவன் தலையாட்டினதால் ஆமிக்காரர் என் தமையனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் வரவில்லை. அந்தத் தலை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் புதிதாகக் காண்கிற எந்தத் தலையும் அதுவாக இருக்கலாம் என்றே எனக்குப் பட்டது. உம்மைக் கண்ட முதல் நாளும் உம்முடைய தலையைத்தான் பார்த்தேன். கொஞ்சம் நரைத்து, வடிவாக வாரி இழுத்த தலை.

நீரும் நானும் ஒரே வயது. அதனால் முதல் நாளே "நீர்" என்று பேச ஆரம்பித்தோம். அதற்கு மேல் நெருங்கவும் இல்லை, "நீங்கள்" என்று விலகவும் இல்லை. நீர் விடியற்காலையில் ஒரு கட்டடத்தில் படிக்கட்டுத் துடைக்கப் போவீர். எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிடுவீர். நான் ஒரு உணவகத்தில் சமையல். எங்களுக்குத் திங்கட்கிழமை பூட்டு. ஆகவே திங்கட்கிழமைக் காலையில் வீட்டில் நீரும் நானும்தான்.

நீர் வந்து மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினீர். எங்கே என்று கேட்டேன். நீர் துடைக்கிற கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் இருக்கிறார், அவர் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்றீர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்து வருசமாக இந்த ஊரில் இருக்கிறேன், என்னை ஒரு வெள்ளைக்காரன் ஒரு கோப்பிக்குக் கூப்பிட்டதில்லை. படிக்கட்டுத் துடைக்க வந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவானாம்!

"அங்கை போய் என்ன செய்யிறீர்?"

"பியர் காய்ச்சுறது எப்பிடியெண்டு காட்டுறார்."

"நீர் குடிக்கிறேல்லையே."

"ஓம், குடிக்கிறேல்லை."

"அப்ப ஏன்?"

"சும்மா."

இந்தச் "சும்மா" எனக்கு ஆகாத சொல். எங்கள் ஆட்கள் சும்மா என்று சொன்னால் அடியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். குடிக்காத மனிதன் பியர் காய்ச்சுவானா? மீன் தின்னாதவன் தூண்டில் வாங்குவானா? நான் இதைப் பரா அண்ணையிடம் கேட்டேன். அவர், "கண்டறியாத பியர்! விட்டிட்டு வேலையைப் பார்" என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை இருபது லீற்றர் பானை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தீர். கிழவர் புதிது வாங்கியதால் பழையதை உமக்குத் தந்தாராம். முளைக்க வைத்துக் காயப்போட்டு உடைத்த பார்லி இரண்டரைக் கிலோ ஒரு கடதாசிப் பையில் இருந்தது. கூடவே ஒரு வெப்பமானி, மருந்துக்கடை அயடின் போத்தல், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கடைசியாக ஒரு சீலைப் பையை எடுத்தீர். பார்பேஸ் சந்தையில் யன்னல் சீலைத் துணி வாங்கி நீரே கையால் தைத்தது. தேத்தண்ணி வடிக்கிற சீலையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. தையல் இரட்டைத் தையல், ஒரு நூல் பிசகவில்லை. இவ்வளவு வடிவாகத் தைக்கிறவர் ஊரில் என்ன வேலை செய்திருப்பார் என்று உடனே யோசித்தேன். நீர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

நான் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்று விடுப்புப் பார்த்தேன். பானையில் பதினாறு லீற்றர் தண்ணீரை அறுபத்தொன்பது பாகைக்குச் சூடாக்கினீர். அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தீர், பை அடிப்பிடிக்கக் கூடாதாம். பையைப் பானைக்குள் விரித்து விளிம்பில் மடித்துக் கட்டினீர். பார்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மாக்கட்டி விழாமல் கிளறினீர். சூடு அறுபத்தாறுக்கு இறங்கியது. அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு, உம்முடைய கம்பளிப் போர்வையால் பானையைச் சுற்றிக் கயிறு கட்டினீர்.

"இனி?"

"இனி ஒரு மணித்தியாலம் ஒண்டும் செய்யக் கூடாது. மூடியை முழுக்கத் திறக்கவும் கூடாது."

"ஒண்டும் செய்யாம இருக்கிறதுக்கு இவ்வளவு எடுப்போ?"

நீர் சிரித்தீர். "சொன்ன சூட்டிலை, சொன்ன நேரம் வைச்சா, சொன்ன மாதிரி வரும். வேறை என்ன இஞ்சை அப்பிடி வருது?" என்றீர்.

வதிவிட அட்டைக்காகப் பிரிபெக்சர் வரிசையில் நின்று பழகிய எவனுக்கும் இந்தப் பேச்சு விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் ஒரு ஆள் எனக்கு விளங்குகிற மாதிரிப் பேசினால் எனக்கு இன்னும் பயம் கூடும்.

மூடியின் ஓரத்தை ஒரு விரற்கடை தூக்கி, கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டிச் சாறு எடுத்துத் தட்டில் விட்டு, அதில் அயடின் ஒரு துளி சொட்டினீர். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கொப்பியை எடுத்து, நின்றபடியே எழுதினீர். நான் கிட்டே வந்ததும் மூடி வைத்தீர். அதுதான் எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் கழிய அடுப்பை மூட்டி எழுபத்தாறு வரை ஏற்றி, பையைத் தூக்கிப் பானைக்கு மேல் தொங்கவிட்டீர். தேன் நிறத்தில் சாறு வடிந்தது. வீடு முழுக்க அந்த மணம். பிறகு அதைக் கொதிக்க வைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூவைப் போட்டு, குளிர வைத்து, ஈஸ்ட் தூவி மூலையில் வைத்தீர். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு போத்தலை உடைத்து எனக்கும் பரா அண்ணைக்கும் ஊற்றினீர். உமக்கு ருசி பார்க்க மட்டும் அரைக் கிளாஸ். நீர் ஒரு மிடறு விழுங்கும்வரை நான் வாய் வைக்கவில்லை. நல்ல பியர். அதைக்கூட நான் சொல்லவில்லை.

கொப்பி உம்முடைய தலைமாட்டுக்குக் கீழே இருக்கும். நீர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துப் படித்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீரா? அப்போது இல்லை. இப்படி இருந்தது:

9.25 – 66 – கறுப்பு
9.40 – 66 – கறுப்பு
9.55 – 66 – மண்ணிறம்
10.10 – 66 – மஞ்சள்

இது சூடும் அயடின் துளியின் நிறமும் என்று எனக்கு அப்போது படவில்லை. நான் அன்றைக்கு ஒன்பதரை மட்டில் பாண் வாங்கக் கீழே போய் வந்தவன். என்னுடைய ஜாக்கெட் கறுப்பு. பரா அண்ணையின் ஜாக்கெட் மண்ணிறம். மஞ்சள் யார் என்று இரண்டு நாள் யோசித்தேன். எதிர்வீட்டு அல்ஜீரியப் பெண் மஞ்சள் முக்காடு போடுகிறவள் என்று மூன்றாம் நாள் நினைவு வந்தது. எங்கள் ஊரில் பிறந்து எங்கள் காலத்தைக் கண்டவன்தான் ஒரு சமையல் குறிப்பை இப்படி வாசிப்பான்.

மூன்றாம் தரமோ நாலாம் தரமோ காய்ச்சினபோது, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நீர் உடுப்புத் தோய்க்கக் கீழே போனீர். நான் கயிற்றை அவிழ்த்தேன். போர்வையை எடுத்தேன். மூடியைத் திறந்து, பையையும் தூக்கி, அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர் என்று அகப்பையால் துழாவிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த தட்டு. அதற்கு மேல் கஞ்சி மாதிரிப் பார்லி. வேறு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் துழாவினேன். பிறகு எல்லாவற்றையும் இருந்த மாதிரிக் கட்டி வைத்தேன்.

நீர் வந்து வெப்பமானியை விட்டீர். என்னை ஒருமுறை பார்த்தீர். கொப்பியில் எழுதினீர். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தேன். "10.20 – 61 – யாரோ திறந்திருக்கிறார்."

யாரோ! வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். நான் உம்மைப் பார்க்கிறேன் என்றால் நீரும் என்னைப் பார்க்கிறீர். அன்று பின்னேரமே பரா அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, அந்தாள் கொப்பியிலை எங்கட நேரமெல்லாம் குறிக்கிறார்."

"என்ன நேரம்?"

"போற நேரம், வாற நேரம். ஆர் என்ன உடுப்பு எண்டதும் கிடக்கு."

"உனக்கென்ன விசரோ? அது பியர்க் குறிப்படா."

"அப்ப ஏன் தலைமாட்டுக்குக் கீழை வைக்கிறார்? முகாமிலை இருந்து எப்பிடி வந்தவர் எண்டு இண்டைக்கும் ஆருக்காவது தெரியுமோ?"

பரா அண்ணை தன்னுடைய ஜாக்கெட்டை ஒருமுறை குனிந்து பார்த்தார். நல்ல மனிதர் அவர். ஆனால் காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் மெற்றோ வாசலுக்குப் போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் சொன்னேன். இதில் நான் உமக்கு ஒரு பொய்யும் எழுத விரும்பவில்லை.

அதற்குள் நீர் கிழவரிடம் பழகிப் பழகி எங்கள் எல்லாரையும் விட நல்ல பிரெஞ்சு படித்திருந்தீர். திங்கட்கிழமைகளில் யாராவது அரசாங்கக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பை ஊறுகிற அந்த ஒரு மணித்தியாலத்தில் நீர் வாசித்துச் சொல்லுவீர். கதை பரவி ஒரு மாதத்தில் அது நின்றுபோனது. ஒரு நாள் பானைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு சொன்னீர்: "இப்ப ஒருத்தரும் கடுதாசி கொண்டு வாறேல்லை. எல்லாரும் பிரெஞ்சு படிச்சிட்டினம் போலை." சொல்லிவிட்டுச் சிரித்தீர். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

இதற்குப் பிறகுதான் கொப்பியில் ஒரு மாற்றம் வந்தது. முன்பு எண்ணும் நிறமும் மட்டும் இருந்த பக்கங்களில் நீர் முழு வசனம் எழுதத் தொடங்கினீர். வட்ட வட்டமான பெரிய எழுத்து. "அறுபத்தாறு பாகையில் வைத்தால் பியர் நடுத்தரமாக வரும். அறுபத்துமூன்று என்றால் இனிப்பில்லாமல் உலர்ந்து வரும், வெறியும் கூட. அறுபத்தொன்பது என்றால் வாயில் கொஞ்சம் இனிப்பு நிற்கும்." இன்னொரு பக்கத்தில்: "அயடின் கறுத்தால் மாப்பொருள் இன்னும் இருக்கிறது. மஞ்சளாக நின்றால் எல்லாம் இனிப்பாக மாறிவிட்டது." அடுத்ததில்: "பையைப் பிழியக் கூடாது என்று கிழவர் சொல்கிறார். ஒரு தடவை பிழிந்தும் ஒரு தடவை பிழியாமலும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிழியலாம்." அதற்குக் கீழே: "நடுவில் திறந்தால் பெரிய மோசமில்லை. சூடு இறங்கும். திரும்ப ஏற்றி, கொஞ்ச நேரம் கூட வைத்தால் சரி."

கறுப்பும் மண்ணிறமும் மஞ்சளும் என்ன என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. புத்தியுள்ளவன் அங்கேயே கொப்பியை மூடி வைத்துவிட்டு வந்து உம்முடைய காலில் விழுந்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆள் உஷாராகிவிட்டார் என்று நினைத்தேன். நான் வாசிப்பதைக் கண்டுபிடித்து, எனக்காகவே ஒரு கதை சோடித்து எழுதுகிறார், உண்மையான கொப்பி வேறு எங்கோ இருக்கிறது என்று உம்முடைய மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அட கடவுளே, ஒரு மனிதனின் மூளை இப்படியும் ஓடுமா என்று இப்போது கேட்கிறேன். ஓடியது.

2011 கோடையில் நீர் என்னிடம் ஒன்று கேட்டீர். அதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

"வீடு உம்மட பேரிலைதானே. நான் இஞ்சை இருக்கிறன் எண்டு ஒரு கடுதாசி எழுதித் தாரும். பிரிபெக்சரிலை கேக்கினம்."

"எந்த நாளுக்கு ரொந்தேவு தந்திருக்கினம்?"

"வாற மாசம். வதிவிடக் காட் புதுப்பிச்சாத்தான் என்ர மனிசியை ஊரிலை இருந்து கூப்பிடுற அலுவல் தொடங்கலாம்."

"பாப்பம்."

நாலு வரிக் கடிதம் அது. பேர், விலாசம், இவர் என் வீட்டில் இருக்கிறார், ஒரு கையெழுத்து. ஆனால் என் கையெழுத்து உம்முடைய கோப்புக்குள் போனால் நாளைக்கு என்னையும் உம்முடைய ஆள் என்று சொல்வார்களே என்று பயந்தேன். நான் கட்டிவிட்ட கதைக்கு நானே பயந்தேன், பாரும். இரண்டாம் முறை கேட்டபோது, "வீட்டுக்காரன் விடான் போலை" என்றேன். வீட்டுக்காரனை நான் கேட்கவே இல்லை. நீர் "ஓம், பரவாயில்லை" என்றீர். மூன்றாம் முறை கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் உம்முடைய மனிசியின் சொந்தக்காரர் ஒருவர் அறை தருவதாகச் சொல்லி வெளிக்கிட்டீர். வேறு மாவட்டம், வேறு பிரிபெக்சர், கோப்பு முதலிலிருந்து. மனிசி வந்து சேர 2014 ஆனது என்று பிறகு அறிந்தேன். என் நாலு வரி இருந்திருந்தால் எவ்வளவு முன்னால் வந்திருப்பா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

போகும்போது பானையைக் கொண்டு போனீர். பையை மட்டும் தோய்த்து மடித்து என் மேசையில் வைத்தீர். "இது உமக்கு. நான் வேறை தைப்பன்" என்றீர். எனக்கு எதற்கு இந்தப் பை? கதவு சாத்தின சத்தம் கேட்டதும் கத்தரிக்கோலை எடுத்தேன். விளிம்பு மடிப்புக்குள் ஏதாவது வைத்துத் தைத்திருக்கிறீரா என்று ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்தேன். இரட்டைத் தையல் என்பதால் நேரமெடுத்தது. ஒன்றும் இல்லை. நூல் தும்பும் இரண்டு பார்லி உமியும்தான் இருந்தன. எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன்.

பிறகு ஐந்து வருசம் நாங்கள் காணவில்லை. 2016 தேர்த்திருவிழாவன்று ரூ பஜோல் தெரு முழுக்கத் தேங்காய் உடைந்து கிடக்க, சனத்துக்குள்ளிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. நான் துள்ளிப்போனேன். நீர்தான். பக்கத்தில் மனிசி. "எங்கை ஐசே போனீர்? வாற ஞாயிறு வீட்டை வாரும். மாட்டன் எண்டு சொல்லப்படாது" என்றீர். ஏன் கூப்பிடுகிறீர் என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். வராமல் விட்டால் என்ன நினைப்பீர் என்றும் யோசித்தேன். கடைசியில் வந்தேன்.

ஓல்னேயில் உமக்கு ஒரு சின்ன வளவும் அதில் ஒரு தகரக் கொட்டிலும் இருந்தன. கொட்டிலுக்குள் அதே பானை, போர்வை சுற்றி, கயிறு கட்டி. ஊறப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர். இரண்டு கதிரை போட்டீர். அந்த ஒரு மணித்தியாலத்தில் முதல் முறையாக உம்மைப் பற்றிச் சொன்னீர். வன்னியில் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. நேரத்தையும் காய்ச்சலையும் கட்டிலடிச் சீட்டில் குறித்துக் குறித்துப் பழகின கை. கடைசி நாட்களில் சீட்டு இருக்கவில்லை, கட்டிலும் இருக்கவில்லை. "அந்தப் பழக்கம் விடேல்லை ஐசே. சூட்டைக் கண்டா நேரம் எழுதோணும்" என்றீர். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னீர்.

"நீர் என்ர கொப்பியை எடுத்து வாசிச்சது எனக்குத் தெரியும்."

நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

"வைச்ச இடத்திலை இருக்காது. ஒருநாள் பானையையும் திறந்து பாத்தனீர். அப்பத்தான் விளங்கினது. உமக்குக் காய்ச்சப் பழக விருப்பம். கேக்க வெக்கம். அதுதான் பேந்து விளக்கமா எழுதினனான், உமக்கு விளங்கட்டும் எண்டு."

நான் உம்மைப் பார்த்தேன். நீர் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

"பையை என்ன செய்தனீர்? காய்ச்சிப் பாத்தனீரோ?"

"ஓம்."

"எத்தினை பாகையிலை?"

"அறுபத்தாறு."

உம்முடைய முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? மனிசியைக் கூப்பிட்டு, "இஞ்சை பாரும், இவர் காய்ச்சினவராம்!" என்றீர். அவ தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்தா. சொல்லியிருக்கலாம். பின்னேரம் முழுக்க இருந்தது. உமக்கு நான் செய்த அநியாயத்தை அந்தத் தகரக் கொட்டிலுக்குள்ளேயே போட்டு உடைத்திருக்கலாம். நான் இரண்டாவது வடையை எடுத்தேன்.

வரும்போது இரண்டு போத்தல் தந்தீர். ரயிலில் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஈஸ்ட் வண்டல். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு அன்பாக இருக்கிறாரோ, இதற்குள் என்ன கலந்திருக்கோ என்று ஒரு எண்ணம் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் தொட்டியில் ஊற்றினேன். நுரை மட்டும் கனநேரம் நின்றது. ஊற்றி முடித்த பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அப்போதும் உம்மைக் கூப்பிடவில்லை.

இப்போதும் ஒரு கேள்வி என்னைத் தின்கிறது. நீர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினீரா? அல்லது எல்லாம் தெரிந்துகொண்டு, எனக்கு வெட்கம் வராமல் ஒரு வழி விட்டீரா? ஒரு நாள் அப்படி நினைக்கிறேன், ஒரு நாள் இப்படி. நீர் செத்த பிறகும் நான் உம்மைச் சந்தேகப்படுகிறேன், பாரும். என் பிறவிக்குணம்.

உமக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தது எனக்குத் தெரியாது. செத்தவீட்டுக்குத்தான் வந்தேன். சனம் குறைவு. தகனசாலைக்கு வெளியே இரண்டு பேர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களை முன்பின் கண்டதில்லை.

"நல்ல மனிசன்தான். ஆனா அந்த நாளையிலை ஆக்களைக் குறிச்சுக் குடுத்தவராம்."

"ஆர் சொன்னது?"

"அது எல்லாருக்கும் தெரியும்."

பத்தடி தள்ளி உம்முடைய மனிசி நின்றா. கேட்டிருப்பாவோ தெரியாது. என்னைக் கண்டதும் கிட்ட வந்தா. "நீங்கள்தானே அண்ணை அவருக்கு முதல் முதல் இடம் குடுத்தனீங்கள். ஒவ்வொரு தரம் ஊறப் போட்டிட்டும் உங்களைத்தான் கதைப்பார்" என்றா. கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுது முடிய, அந்த இரண்டு பேரிடமும் போனேன்.

"தம்பியவை, அந்தக் கதையைக் கட்டினது நான். பொய்க்கதை. அவர் பியர்க் குறிப்புத்தான் எழுதினவர்."

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர் சிகரெட்டைக் காலால் நசுக்கினார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். உம்முடைய மனிசியிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அவவின் மனம் நோகும் என்பதாலா, என்னைக் கும்பிட்ட கை இறங்கிவிடும் என்பதாலா என்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு லா சப்பலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். முடி வெட்டப் போன இடத்தில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன். பரா அண்ணைக்குக் கோபம் வந்தது. "செத்துப்போன மனிசனை ஏன் இப்ப கிளறுறாய்? உன்னையும் சேர்த்துக் கதைக்கப் போறாங்கள்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்கள்தானே, இவ்வளவு காலம் கழித்து அந்தாளுக்கு ஏன் இவர் வக்காலத்து வாங்குகிறார், இரண்டு பேரும் ஒரே வேலைதான் செய்திருப்பார்கள் என்று கதை போகிறதாம். பரா அண்ணையே வந்து சொன்னார். "மறுத்து ரெண்டு வார்த்தை சொல்லடா" என்றார். நான் என்னத்தை மறுப்பது?

முந்தநாள் பருப்பு வாங்கக் கடைக்குப் போனேன். உள்ளே மூன்று பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. ஒருவர் கைபேசியை எடுத்தார். இன்னொருவர் மிளகாய்த்தூள் பைக்கற்றைத் திருப்பித் திருப்பி வாசித்தார். இதே கடைக்குள் நீர் இப்படி எத்தனை தரம் போய் வந்திருப்பீர்? வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது வாய் திறந்தீரா? நான் பருப்பை எடுத்தேன், காசைக் கொடுத்தேன், எல்லாருக்கும் கேட்கும்படி "போட்டு வாறன்" என்றேன். ஒருவரும் "ஓம்" சொல்லவில்லை.